மண்ணின் புளிப்பும் பி. எச். எண்ணும்

சென்னையில் அடையாற்றை அடுத்த சைதாப்பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டில் சர்க்காரால் ஏற்படுத்தப்பட்ட விவசாயப் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்று, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. சைதாப்பேட்டையில் பயின்ற மாணாக்கர்கள் பி. எச். என்னும் அளவை அறியார்கள். டென்மார்க்கு தேசத்து இரசாயன அறிஞரான ஸோரென்ஸென் அதனை வகுத்தது 1909-இல்தான். இப்பொழுதோ, 2015 முதல் வழங்கப்பெறும் மண்வள அட்டையின் மூலம் அவ்வெண் குடியானவர்களின் கைக்கே வந்துவிடுகிறது. அதன் பொருளைப் பிறழக் கொண்டால் சுண்ணாம்புக்குச் செலவிடும் பணம் வீணாவதோடு பயிருக்கும் கெடுதி நேரும்.

நீரில் கரைந்துள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் குறிப்பதே பி. எச். ஆகும். 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் புளிப்பு, மிகுந்தால் காரம். எண் ஒன்று இறங்கினால் அயனிகளின் செறிவு பத்து மடங்கு ஏறும். ஆகவே 5 என்று கண்ட மண், 6 என்று கண்ட மண்ணைவிடப் பத்து மடங்கு புளிப்புடையது. 4 என்று கண்டதோ நூறு மடங்கு புளிப்புடையது.

ஆயினும் இவ்வெண் எல்லாவற்றையும் கூறிவிடுவதில்லை. இதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், காடியிலுள்ள அசிட்டிக் அமிலத்தையும் பத்தில் ஒரு பங்கு நார்மல் என்னும் ஒரே செறிவில் கரைத்து, இரண்டு பாத்திரங்களில் சம அளவாக எடுத்துக் கொள்க. முன்னதன் பி. எச். சுமார் 1, பின்னதன் பி. எச். சுமார் 2.9. முன்னது வலிய அமிலமாதலின் முற்றும் பிரிந்து தன் அயனிகளை வெளிவிடுகிறது. பின்னது மெலிய அமிலமாதலின் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிலேயே பிரிகிறது. எஞ்சியது உள்ளே அடங்கிக் கிடக்கிறது. ஆனால் இரண்டையும் முறிப்பதற்கு ஒரே அளவு காரமே வேண்டும். வெளிவந்த புளிப்பைக் காரம் முறிக்க முறிக்க, அடங்கிக் கிடந்த புளிப்பு வெளிவந்துகொண்டே இருப்பதே இதற்குக் காரணம்.

மண்ணின் நிலையும் இத்தகையதே. அடையாற்று முகத்து மணலைப் போன்று களியும் மக்கும் குறைந்த நிலம் ஒன்றும், நீலகிரியில் உள்ளது போன்று மக்கு நிறைந்த நிலம் ஒன்றும் பி. எச். 5 என்றே காட்டக்கூடும். மணல் நிலத்தில் அடங்கிய புளிப்பு சொற்பம். சிறிது சுண்ணாம்பே அதனைத் திருத்திவிடும். மக்கும் களியும் மிகுந்த நிலமோ, தன்னுள் பற்றிவைத்த புளிப்பைச் சிறிது சிறிதாக வெளிவிடுமாதலின், பன்மடங்கு சுண்ணாம்பு வேண்டி நிற்கும். பின்னதற்குரிய அளவை முன்னதற்கு இட்டால் மண் காரமாகி, துத்தநாகம், இரும்பு முதலிய சத்துக்கள் பயிருக்குக் கிட்டாமற் போகும்.

ஆதலால் பி. எச். எண்ணை மட்டும் கொண்டு சுண்ணாம்பின் அளவை நிச்சயித்தல் கூடாது. ஒரே தன்மையுள்ள வயலில் பல இடங்களிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்புக. மணற்பாங்கான பகுதியையும் களிப்பாங்கான பகுதியையும் தனித்தனியே அனுப்புதல் அவசியம். பரிசோதனைச் சாலையில் பி. எச். எண்ணோடு, சுண்ணாம்புத் தேவை எவ்வளவு என்பதையும் கேட்டறிக. கிராம அதிகாரிகளும் அட்டையிலுள்ள எண்ணைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.