ஃப்ளூ ஊசி: மே மாதமா, அக்டோபரா?

மழை வலுத்த ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் தெரியும். சாரல் அடிக்காமலிருக்க ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருப்பார்கள். நிற்கவும் இடமில்லாத கூட்டம்; காற்றுப் போக வழியில்லை; நாலைந்து பேருக்கு இருமல். ஃப்ளூ வைரஸ் பரவ இது போதும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக 2 வாரமாகும். ஆகவே திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் இருப்பவர்கள் மே நடுவிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

சென்னையில் இருக்கும் அண்ணன், "அக்டோபருக்கு முன்னால் போட்டால் போதும்" என்பார். அவர் ஊருக்கு அது சரி. 2009 முதல் 2013 வரை 10 இந்திய நகரங்களைக் கண்காணித்ததில், ஆலப்புழையில் ஃப்ளூ உச்சம் தொட்டது ஜூலை முதல் செப்டம்பருக்குள். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில். அந்தந்த ஊரின் மழையோடுதான் நோயும் வந்தது. மே மாதத்தைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜூலையில் போட்டாலும் பயனுண்டு.

மருந்திலும் இரண்டு வகை உண்டு. உலக சுகாதார நிறுவனம் தென் அரைக்கோளத்துக்கான வைரஸ் வகைகளைச் செப்டம்பரிலும், வட அரைக்கோளத்துக்கானவற்றைப் பிப்ரவரியிலும் அறிவிக்கிறது. மே மாதம் போடுபவர்கள் அந்த ஆண்டின் தென் அரைக்கோள மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் போன பருவத்தின் மிச்சம் கைக்கு வரலாம். பெட்டியில் பருவ ஆண்டும் காலாவதித் தேதியும் இருக்கும். ஊசி ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, எதிர்ப்பும் சில மாதங்களில் குறைகிறது. அதனால்தான் ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள்.

மூன்று வகை வைரஸுக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்று அலைய வேண்டாம். நான்காவதான பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். மூக்கில் அடிக்கும் மருந்தில் வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் அது ஆகாது. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வராது. கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும்.

ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். வைரஸோடு நன்கு பொருந்தும் ஆண்டுகளில் டாக்டரைப் பார்க்குமளவு நோய் முற்றும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்வரை குறைக்கும். நிமோனியா, ஐசியு என்று போகாமல் காப்பதே பெரிய லாபம். அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லாததால் பெரும்பாலோர் கைக்காசில்தான் போட வேண்டியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் முடியாதென்றால், திடமாக இருக்கும் இளைஞரை விட்டுவிட்டுச் சர்க்கரையுள்ள பாட்டிக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் முதலில் போடுங்கள். திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் சிகிச்சைக்காகத் தம்பானூரில் வந்து இறங்கும் குமரிக் குடும்பங்களில், நோயாளிக்கு எப்போது போடலாம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூடத் துணைக்கு வருபவர் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

6 மாதம் முதல் 8 வயதுவரையுள்ள குழந்தைக்கு முதல் தடவை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. ஜூனில் பள்ளி திறந்துவிடும் என்பதால், புது மருந்து வந்ததும் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.