கரிய மேலிலைச் சுருட்டும் அதன் பக்குவமும்

சுருட்டின் மேலிலை எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு காரம் அதற்கு உண்டு என்பதும், எவ்வளவு காலம் வைக்கப்படுகிறதோ அவ்வளவு சுவை ஏறும் என்பதும் பலர் கொண்டுள்ள எண்ணங்கள். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. இவற்றை நம்பிச் சரக்கைப் பெட்டியிலிட்டு மறந்துவிடும் வியாபாரி, ஒரு மழைக்காலத்திற்குள் முதலையே இழக்க நேரிடும். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இவ்வபாயம் அதிகம்.

இலையும் நிறமும்

சுருட்டில் உள்ளிலை, கட்டிலை, மேலிலை என மூன்று பகுதிகள் உண்டு. காரத்தைத் தருவது நிக்கோட்டின் என்னும் சத்து. எடையில் பெரும்பங்கு உள்ளிலையே ஆதலால், காரமும் பெரும்பாலும் அதனைப் பொறுத்ததே. மேலிலை மெல்லிய போர்வை போன்றது; எனினும் நாவிலும் உதட்டிலும் முதலில் படுவது அதுவே ஆகையால், மணத்திலும் சுவையிலும் அதற்குத் தனி இடம் உண்டு.

கரிய மேலிலைக்குச் செடியின் மேற்புறத்தில் நன்றாக வெயில் பட்டுத் தடித்த இலைகள் ஏற்றவை. மெல்லிய இலை நீண்ட உஷ்ணத்தைத் தாங்காமல் கிழிந்துபோகும். அமெரிக்காவின் கனெக்டிகட் அகல இலையும், மெக்சிகோவின் சான் ஆந்திரேஸ் இலையும் இக்காரணம் பற்றியே இவ்வகையில் பெயர் பெற்றன. தமிழ்நாட்டில் திண்டுக்கல் சீமையின் புகையிலை உள்ளிலைக்குப் புகழ் வாய்ந்தது. கூச்பெகார்ப் பகுதியின் ஜாதிப் புகையிலை மேலிலையாகப் பயன்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளி உறையூர்ச் சுருட்டின் பெயர் 1887-இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே இடம்பெறும் அளவிற்குக் கடல் கடந்து பரவியிருந்தது. சுருட்டுப் புகையிலையை ஆராய்வதற்கென்றே வேடசந்தூரில் 1948-இல் ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

பாடம் போடுதல்

உலர்ந்த இலையை அளவான ஈரத்துடன் அம்பாரமாக அடுக்கி வைத்தால் அது தானே சூடேறும். கரிய இலைக்கு இச்சூடு 50 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதும் உண்டு. சூடு மிஞ்சுவதற்கு முன் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளிருந்த இலையை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்குதல் வேண்டும். இவ்வாறு பலமுறை செய்கையில் இலையிலுள்ள புரதம் சிதைந்து அம்மோனியா வெளியேறுகிறது. நிக்கோட்டினும் ஓரளவு குறைகிறது. இலையின் துவர்ப்புச் சத்துக்கள் காற்றுடன் கலந்து கருமை அடைகின்றன. கரிய சுருட்டில் உணரப்படும் வெல்லப்பாகு, வறுத்த காப்பிக்கொட்டை போன்ற மணம் இவ்வுஷ்ணத்தில் பிறப்பதே.

ஆகவே நன்கு பாடம் பெற்ற கருமை காரத்தின் அடையாளமன்று. நீண்ட பக்குவத்தின் அடையாளம். ஆனால் ஆவியில் வேகவைத்தோ சாயம் ஏற்றியோ அந்நிறத்தை விரைவில் வருவிப்பவரும் உண்டு. அத்தகைய இலையில் நிறம் இருக்கும், மணம் இராது.

சுருட்டிய பின்

சுருட்டும்போது இலைக்கு ஈரம் காட்டப்படுவதால், புதுச் சுருட்டில் நெடியும் கசப்பும் தோன்றும். சில வாரங்கள் ஆறவிட்டால் மிகுந்த ஈரம் நீங்கும். பின்னர் மாதக்கணக்கில் எஞ்சிய அம்மோனியா மெல்ல வெளியேறி, மூவகை இலைகளின் மணமும் ஒன்றோடொன்று கலந்து புகை மென்மை பெறுகிறது. கரிய மேலிலையின் மாற்றம் பெரும்பகுதி அம்பாரத்திலேயே முடிந்துவிட்டமையால், இக்காலத்தில் மிகுதியாகத் திருந்துவது உள்ளிலையே.

இத்திருத்தத்திற்கும் எல்லை உண்டு. மணந்தரும் எண்ணெய்கள் ஆவியாகக்கூடியவை. ஆண்டுகள் மிகையானால் காரத்துடன் மணமும் போய்ச் சுருட்டு சப்பென்றாகும். அரைகுறையாகப் பாடம் போட்ட இலையை எத்தனை ஆண்டு வைத்தாலும் அது நல்ல இலை ஆகாது.

கடலோர ஊர்களில் காப்பு

சுருட்டுக்கு ஏற்ற காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை. அரியாங்குப்பத்தில் கடற்காற்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையாலும் ஈரம் இதற்கு மேற்படுவது இயல்பு. அப்போது பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் உள்நாட்டு ஊர்களில் சரக்கிற்கு ஈரம் ஊட்டுவது கவலையாயிருக்க, இங்கே ஈரத்தை விலக்குவதே முதற்கவலை. இறுக மூடும் பெட்டியில் வைத்து, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் ஏற்றி, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தல் நலம்.

ஈரமானியின் பிழையை அறிய எளிய வழி உண்டு. ஒரு மூடியில் சோற்றுப்புடன் சில துளி நீர் சேர்த்துக் குழைத்து, ஈரமானியுடன் சிறு பெட்டியில் அடைத்து ஒருநாள் வைத்தால் அது 75 காட்டுதல் வேண்டும். கருவி இல்லாதவர் சுருட்டை மெல்ல அழுத்திப் பார்க்கலாம்: சற்று அமுங்கி மீண்டால் பதம், சலசலத்தால் காய்ச்சல், அமுங்கியபடியே நின்றால் ஈரம் மிகை.

மற்றொரு பகை புகையிலை வண்டு. வெப்பமான ஊர்களில் இதன் முட்டை ஆண்டு முழுதும் பொரிக்கக்கூடும். ஊசித்துளைகளும் நுண்பொடியும் இதன் அடையாளம். துளை கண்ட சுருட்டை உடனே பிரித்து அகற்றி, மற்றவற்றைக் காற்றுப் புகாத உறையிலிட்டு உறைகுளிர்ப் பெட்டியில் சில நாள் வைத்தால் வண்டும் முட்டையும் மடியும். வெளியே எடுக்கையில் படிப்படியாகக் குளிர் நீங்கவிடாவிடில் மேலிலை வெடிக்கும்.

அறிய வேண்டுவது

பக்குவம் நெடியைத் தணிக்குமேயன்றித் தீமையைத் தணிக்காது. மென்மையான புகையும் புற்றுநோய்க்கு ஏதுவே. பாடம் போடும்போதும் ஈரத்தில் வைத்திருக்கும்போதும் நைட்ரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள் இலையில் பெருகவும் கூடும். சுவை கூடியதால் கேடு குறைந்தது என்று விற்பவர் சொல்வதும் வாங்குபவர் நம்புவதும் தவறு. நல்ல இலை, பொறுமையான பாடம், அளவான ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே கரிய சுருட்டின் சுவையை உண்டாக்குகின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காலம் அதனை ஈடுசெய்யாது.