அயலவர் உறக்கமும் நம் பொறுப்பே



கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள நமது கரையோர ஊர்களில் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. பல இடங்களில் இரு வீடுகளுக்கு நடுவே ஒரு கிடுகு வேலிதான். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகவேண்டியவர் இரவு எட்டு மணிக்கே பாயில் சாய்கிறார். பத்து மணிக்கு அடுத்த வீட்டில் பாட்டுத் தொடங்குகிறது, பதினொன்றாகியும் ஓயவில்லை. அவர் புரண்டு புரண்டு படுக்கிறார். குழந்தை விழித்து அழுகிறது. மறுநாள் வேலியோரம் சந்தித்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். ஞாயிறன்று ஒரே ஆலயத்தில் நற்கருணை வாங்குகிறார்கள். பேசாமலே வீடு திரும்புகிறார்கள். அந்தச் சத்தம் உறக்கத்தை மட்டுமா கெடுத்தது?

1. உறக்கம் இறைவனின் கொடை

புயலடித்த கடலில், படகின் பின்புறம் தலையணை வைத்து நம் ஆண்டவர் உறங்கினார் என்று மாற்கு எழுதுகிறார் (4:38). மனிதனாய்ப் பிறந்தவருக்கும் உறக்கம் வேண்டியிருந்தது. வளர்ந்தவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது, பள்ளிச் சிறுவர்களுக்கு ஒன்பது மணி நேரமாவது உறக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். உறக்கம் கெட்டவன் கடலில் கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பிறர் உறக்கத்தை வேண்டுமென்றே கெடுப்பது, உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சொல்லும் ஐந்தாம் கட்டளைக்கு விரோதமானது. இரவில் களப்பில் இறால் பிடித்துவிட்டுப் பகலில் உறங்குவோரையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் நம்மைச் சோதிப்போம்

விடியற்காலையில் உரத்த குரலில் அயலானை வாழ்த்தினால், அந்த வாழ்த்தும் சாபமாகவே எண்ணப்படும் என்று நீதிமொழிகள் நூல் (27:14) எச்சரிக்கிறது. வாழ்த்துக்கே இந்தக் கதி என்றால், நமது ஒலிபெருக்கிகளைப் பற்றி என்ன சொல்வது? நவநாள், திருநாள், பூப்புனித விழா, பிறந்தநாள் என்று நாமும் ஊரை எழுப்பியதில்லையா?

வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கில், 2007-ஆம் ஆண்டு நவம்பரில் நமது உயர் நீதிமன்றம் முக்கியமான கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது. விசேட சமய விழாக்களுக்கு அனுமதி கொடுப்பதானாலும் முதலில் அயலிலுள்ளவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். வழக்கு பள்ளிவாசலைப் பற்றியது. கட்டளையோ விகாரை, கோவில், ஆலயம் அனைத்துக்கும் பொதுவானது. பிறர் ஒலிபெருக்கியைக் குறை சொல்லுமுன், நம் ஆலயக் கோபுரத்தில் கட்டியிருப்பதை நிமிர்ந்து பார்ப்போம்.

3. பொறுக்க வேண்டியவை சில

கைக்குழந்தையின் அழுகை, நோயாளியின் முனகல், இழவு வீட்டு ஒப்பாரி, எப்போதோ ஒருமுறை வரும் கல்யாண மேளம் ஆகியவை அயலவர் சகித்துக்கொள்ள வேண்டியவை. தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கியவர்களுக்கு இது தெரியும். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் இருமினாலும் கேட்கும். அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் இரவுதோறும் ஓயாமல் வரும் தொல்லை வேறு. அதைப் பேசித் தீர்க்கவேண்டும். மனதிலே பூட்டி வைத்துப் பகையாக வளர்க்கக் கூடாது.

4. ஆண்டவர் காட்டிய வழி

உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல். கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போ. அதன் பிறகே சபைக்குச் சொல் என்று ஆண்டவர் படிமுறை வகுத்தார் (மத்தேயு 18:15-17). நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊரெல்லாம் சொல்லி, பிறகு பொலிசுக்குப் போய், கடைசிவரை அவரிடம் மட்டும் பேசுவதில்லை.

நள்ளிரவில் கோபத்தோடு கதவைத் தட்டாதீர்கள். மறுநாள் மாலை, இருவரும் ஓய்ந்திருக்கும் வேளையில் போங்கள். "உங்கள் வீட்டுச் சத்தம் பெரும் தொல்லை" என்று தொடங்காமல், "அண்ணை, நான் இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவன், பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் குறைத்தால் பெரிய உதவி" என்று கேளுங்கள். அங்கே காது மந்தமான முதியவர் ஒருவர் தொலைக்காட்சியை உரக்க வைத்திருக்கலாம். போய்ப் பேசினால்தானே காரணம் தெரியும்?

அவர் கேளாவிட்டால், அவர் மதிக்கும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அயலவர் முஸ்லிமானால் பள்ளிவாசல் பெரியவரும், பௌத்தரானால் விகாரைப் பிக்குவும், இந்துவானால் கோவில் பெரியவரும், கத்தோலிக்கரானால் பங்குத் தந்தையும் நல்ல துணை.

5. சட்டம் கடைசித் துணை

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி இல்லாமலே முறையிட்டுச் சமரசம் காணலாம். 1996-ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள், பிரதேச சபைப் பகுதிகளில் இரவுச் சத்தத்துக்கு 45 டெசிபல் என எல்லை வைத்தன. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் அளவு என்பதால், அந்த எல்லை எவ்வளவு தாழ்வானது என்று விளங்கும். ஒலிபெருக்கித் தொல்லையைப் பொலிசில் முறையிடலாம். அயலார் பலரை வருத்தும் தொல்லையை அகற்றும்படி கட்டளையிட நீதவானுக்கும் அதிகாரம் உண்டு. இவ்வழிகளை நாடுவது பாவமல்ல. ஆனால் வழக்கில் வென்ற பிறகும் அதே வேலிக்கு இப்புறமும் அப்புறமும்தான் இருவரும் வாழவேண்டும். அவசர வேளையில் முதலில் ஓடிவருகிறவர் அந்த அயலவரே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டுச் சத்தத்தால் யாருடைய உறக்கம் கெடுகிறது? அவர்களிடம் எப்போதாவது கேட்டோமா?

2. நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் அயலவர் யார்?

3. நம் பங்குத் திருநாளில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தும்படி கேட்கும் துணிவு நமக்கு உண்டா?

இவ்வார முயற்சி: இன்றிரவு செபமாலை முடிந்ததும், பக்கத்து வீட்டாருக்காக ஓர் "அருள் நிறைந்த மரியே" சொல்லுங்கள். நாளை மாலை வேலியோரம் நின்று நீங்களே முதலில் பேசுங்கள்.