காய்ச்சல்காரருக்குத் துணை யார்?

சென்ற இதழில் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிப் படித்தோம். இம்முறை, வீட்டில் ஒருவர் மேலுக்குச் சுகமில்லாமல் படுத்துவிட்டால் அவரோடு யார் இருப்பது, இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். "இதுல படிக்க என்னா இருக்கு, காய்ச்ச வந்தா ரெண்டு நாள் படுத்து எழும்புறதுதானே" என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நினைத்ததோடு நிற்காமல் வாய் திறந்து சொல்லியும்விட்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் தீபாவளிக்கு மூன்று நாள் முந்தி லயத்துக்கு வந்து சேர்ந்தான். வந்த அன்று இரவே காய்ச்சல். தலையிடி, கண்ணுக்குப் பின்னால் குத்து, உடம்பெல்லாம் உளைச்சல். வீட்டில் பனடோல் கொடுத்தார்கள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். அப்பா கவ்வாத்து மலைக்கும் அம்மா கொழுந்து மலைக்கும் தங்கச்சி பாடசாலைக்கும் போய்விட்டால், பகல் முழுவதும் அவனுக்குத் துணை மணிதான். மணி என்பது நாய். கொழும்புக்குப் போகுமுன் அவன் வளர்த்தது. அவன் வந்ததிலிருந்து அது இஸ்தோப்பை விட்டு நகரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், அதாவது காய்ச்சலின் ஐந்தாம் நாள், பிரட்டுக்களத்தில் அந்த அம்மா எங்களிடம் வந்தார். "ஐயா, மவனுக்குக் காய்ச்ச விட்டுருச்சிங்க. இன்னைக்கு மலைக்குப் போகவா, வீட்ல நிக்கவா?" என்று கேட்டார். "விட்டுருச்சின்னா நல்லதுதானேம்மா, போங்க" என்றோம். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பத்து மணியளவில் பக்கத்துக் காம்பரா அம்மாயி ஒரு கோப்பை கஞ்சியோடு அவனைப் பார்க்கப் போனார். பையன் சுருண்டு கிடந்தான். நெற்றியில் சூடில்லை. கை கால் சில்லென்று ஈரமாக இருந்தன. வயிறு வலிக்கிறது என்றான். விடியற்காலையிலிருந்து மூன்று தரம் வாந்தி எடுத்திருந்தான். "ஒண்ணுக்குப் போனியாடா?" என்று கேட்டதற்கு "நேத்து ராவு போனது" என்றான். அம்மாயி ஒரு பிள்ளையை மருந்துக்காம்பராவுக்கு ஓட விட்டார். 1990 அம்புலன்ஸுக்குப் பேசி, தோட்டத்து லொறியில் பெரிய ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் ஏற்றினோம். ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்தான். டெங்கு. இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். "காய்ச்சல் விட்டதும் நல்லதென்று சொன்னது யார்?" என்றும் கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

நாய்தான் மோப்பம் பிடித்து ஊளையிட்டு அம்மாயியைக் கூப்பிட்டது என்று லயத்தில் இப்போது கதை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மாயி போனபோது மணி வாசலில் தூங்கிக்கொண்டு கிடந்தது. கண்டது அம்மாயிதான்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

"நம்ம மலையில குளிரு, இங்க டெங்கு இல்ல" என்று பலர் சொல்கிறார்கள். உயரமான தோட்டங்களில் அந்த நுளம்பு குறைவு என்பது சரி. ஆனால் நம் பிள்ளைகள் கொழும்பிலும் மற்றப் பட்டணங்களிலும் வேலை செய்கிறார்கள். அங்கே கடி வாங்கி, நான்கு நாளிலிருந்து பத்து நாளைக்குள் இங்கே வந்து படுக்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலை, மாத்தளைப் பக்கத்துப் பதிவான தோட்டங்களிலோ நுளம்பு வாசலிலேயே இருக்கிறது. ஆகவே காய்ச்சல்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்க இருந்து வந்த?" என்பதுதான்.

டெங்குவில் காய்ச்சல் கொதிக்கும் நாட்களைவிட, காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தானது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இது வரும். சிலருக்கு அந்நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் தண்ணீர்ப் பகுதி வெளியே கசியும். நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் ஓட இரத்தம் போதாமல் போவதால்தான் கை கால் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது, ஆள் சோர்ந்து விழுகிறார். இந்தக் கசிவு ஒரு நாள், இரண்டு நாள் நடக்கும். அந்த நேரத்தில் வைத்தியசாலையில் இருந்தால் அளந்து சேலைன் ஏற்றிக் காப்பாற்றிவிடுவார்கள். வீட்டில் தனியாகக் கிடந்தால் யாருக்கும் தெரியாது. வெளியில் பார்ப்பவருக்குக் காய்ச்சல் சுகமானது போலத்தான் இருக்கும்.

அதனால் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளைத் தாண்ட விடாமல் இரத்தம் சோதிக்க வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதாளி, சீனி வருத்தக்காரர் என்றால் முதல் நாளே காட்டுங்கள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், தலை சுற்று, தூங்கி வழிதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் காலம் பார்க்க வேண்டாம். சாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிகிறவர்கள் முடிந்து வையுங்கள், அதற்காக லொறியை நிறுத்தி வைக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒரே சொல்: பரசிட்டமோல் மட்டும். பெரியவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு மாத்திரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிறையைப் பார்த்து மருந்துக்காம்பராவில் சொல்கிற அளவு மட்டும். காய்ச்சல் முற்றாக விடவில்லை என்று கூட்டிக் கொடுத்தால் ஈரல் கெடும். கடையில் வாங்கும் உளைச்சல் மாத்திரையும் அஸ்பிரினும் இரத்தம் கசியச் செய்யும். முழங்கால் வலிக்கு அப்பா வாங்கி வைத்த மாத்திரையை மகனுக்குக் கொடுப்பது நம் லயங்களில் சாதாரணமாக நடக்கிறது. அதை நிறுத்த வேண்டும்.

குடிக்கக் கொடுப்பது பச்சைத் தண்ணீர் மட்டுமாக இருக்கக் கூடாது. கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர், இளநீர், சூப்பு, ஜீவனி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீட்டர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. ஜீவனிப் பைக்கட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்காமல் ஊற்றிவிடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா சோடாவா என்று டாக்டருக்கே மட்டுக்கட்ட முடியாது. விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கைமருந்து சொல்வார்கள். பப்பாசி இலைச் சாறு அதில் பெரிய பேர் எடுத்தது. வாந்தியில் கிடக்கும் ஆளுக்கு அந்தக் கசப்பை ஊற்றிவிட்டு, இனிப் பயமில்லை என்று வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் எங்களுக்கு அதில் விருப்பமில்லை.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. கானு வெட்டுகிறவர், மரக்கறித் தோட்டத்துச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர், மாணிக்கக் குழியில் இறங்குகிறவர் ஆகியோருக்குக் கெண்டைக்கால் தசை வலியோடும் கண் சிவப்போடும் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு மருந்து எடுத்தால் சுகமாகும், பிந்தினால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். என்ன வேலை செய்தேன் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நாட்பட்ட இருமல்காரர் விஷயம் வேறு. அதற்கு ஒரு தனிப் பாடம் வரும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. துணைக்கு யார் நிற்பது? ஒரு பேர் போனால் அந்த வீட்டுக்கு என்ன குறையும் என்று எங்களுக்குத் தெரியும். நாள் சம்பளக்காரரிடம் 'வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு' என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. காய்ச்சலின் முதல் இரண்டு நாள் பாட்டன் பாட்டியோ பக்கத்துக் காம்பராவில் வேலையிலிருந்து நின்றவர்களோ பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளிலிருந்து, அதிலும் காய்ச்சல் இறங்குகிற அன்றும் அடுத்த நாளும், வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். அப்பாவும் நிற்கலாம். எங்கள் பதிவுகளைப் பார்த்தால் பிள்ளைக்குச் சுகமில்லை என்று நிற்பது எப்போதும் அம்மாவாகவே இருக்கிறது.

அந்த அம்மாயிக்கு எழுதத் தெரியாது. அவருடைய பேத்திக்கு முன்பொரு முறை காய்ச்சல் கண்டபோது, குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு போஞ்சி விதையை ஒரு டின்னிலும், சிறுநீர் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை இன்னொரு டின்னிலும் போட்டு வைத்தாராம். மருந்துக்காம்பரா ஐயா கேட்டபோது இரண்டு டின்னையும் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். எங்கள் அலுவலகப் படிவத்தைவிட அது தெளிவாக இருந்தது.

டெங்கு தொட்டால் ஒட்டாது. பக்கத்தில் உட்காரலாம், தலையைக் கோதிவிடலாம், பிள்ளைகள் கதை பேசலாம். நோயாளியைக் கடித்த நுளம்பு மற்றவரைக் கடித்தால்தான் பரவும். ஆகவே நோயாளிக்குப் பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கள். தனியாகக் கிடக்கிற ஆளுக்கு ஆட்கள் இருந்தாலே பாதித் தெம்பு வந்துவிடும். டெலிவிசன் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்க இடமில்லை.

நாய் பூனையும் அப்படித்தான். படுத்திருக்கும் ஆளின் கால்மாட்டில் பூனை வந்து சுருண்டுகொண்டால் அதை அடித்து விரட்ட வேண்டிய அவசியமில்லை, எலியைப் பிடிக்கிற பிராணி அது. நாயை இரவில் உள்ளே எடுப்பதன் காரணமும் எங்களுக்குத் தெரியும். புலி இறங்கித் தூக்கிப்போன நாய்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ. உள்ளே எடுங்கள். ஆனால் நோயாளியின் பாயில் வேண்டாம், ஒரு சாக்கைப் போட்டுத் தனியாகப் படுக்க வையுங்கள். நோயாளி குடித்து வைத்த கோப்பையில் வாய் வைக்க விடாதீர்கள். புண், சிரங்கு இருக்கும் இடத்தை நக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் இருக்கக்கூடும் என்பதால், இஸ்தோப்பில் பெய்திருந்தால் செருப்புப் போட்டுக்கொண்டு கழுவிவிடுங்கள். கூடை போட்டு மூடுகிற கோழியை, வீட்டில் நோயாளி இருக்கும் நாட்களிலாவது வெளியே கூட்டில் அடையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டியிலும் கோழிக்கு வைக்கும் சிரட்டையிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் போகாது. வாரத்துக்கு ஒரு முறையாவது தேங்காய்ப் பொச்சால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் விசர்நாய்க்கடி. வீட்டு நாய், வளர்ந்த பூனை, 'குட்டிதானே' என்று விளையாடுகிற குட்டி, எதுவானாலும் தடுப்பூசி போடாதிருந்தால் நம்ப முடியாது. கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பீலி அதற்கு நல்ல இடம். மஞ்சளும் வேண்டாம், கோப்பித் தூளும் வேண்டாம். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடுவது பழைய காலம், இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், துரத்தாமல், கட்டி வைத்து 14 நாள் பாருங்கள். அதற்காக ஊசி போடப் போவதைப் பிந்த வைக்காதீர்கள். நோய்க் குணம் தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

நாய்க்குத் தடுப்பூசியும் இலவசம்தான். ஆறு வாரமான குட்டிக்கும் போடலாம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளைப் பிரட்டுக்களத்தில் அறிவிப்போம். அட்டையைத் தொலைத்தவர்கள் தயங்காமல் வாருங்கள், புதிது எழுதித் தருவார்கள். மணிக்கும் அட்டை இருக்கவில்லை. போன முறை பரிசோதகர் வந்தபோது அந்தப் பையனே மணியைக் கயிற்றில் கட்டி வரிசையில் கொண்டுவந்து நின்றான். ஆள் இன்னும் கொஞ்சம் மெலிவுதான். பின்னால் அம்மாயியும் தன் பூனையை ஒரு கொழுந்துக் கூடைக்குள் போட்டு மூடிக்கொண்டு வந்திருந்தார்.