தாயின் உணவிற் கொழுப்பும் சேயின் வளர்ச்சியும்

கொழுப்பு என்றதும் உடலைப் பருக்கச் செய்யும் பொருளென அஞ்சுவோர் பலர். கருவிலுள்ள குழந்தைக்கோ அது எரிபொருள் மட்டுமன்று; உடலையாக்கும் பொருளுமாகும். நீர் நீங்கிய மூளையின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது கொழுப்பே.

1929 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பை அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு ஊட்டினர். எலிகளின் தோல் செதிலுற்றது, வளர்ச்சி குன்றிற்று. சில கொழுப்பமிலங்களை உடல் தானே ஆக்கவியலாது, உணவினின்றே பெறல்வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. இவை ஒமேகா-6, ஒமேகா-3 என இரு குடும்பத்தன.

ஒமேகா-3 குடும்பத்தைச் சார்ந்த டி.எச்.ஏ. என்னும் அமிலம் மூளையிலும் விழித்திரையிலும் மிகுதியாகச் சேர்வது. கருவின் இறுதி மூன்று மாதங்களிலும் பிறந்தபின் ஈராண்டுகளிலும் இது விரைந்து சேர்கின்றது. முன்னர்ச் சூல்வித்தகத்தின் வழியாகவும், பின்னர்த் தாய்ப்பாலின் வழியாகவும் தாயே இதனை வழங்குகின்றாள். தாய்ப்பாலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பினின்று வருவது. தாயின் உணவு மாறும்போது அக்கொழுப்பின் அளவினும் அதன் வகையே பெரிதும் மாறும் என்பது கருதத்தக்கது.

இதனைத் தெல்தெனியப் பகுதியின் அடுக்களையோடு பொருத்திப் பார்ப்போம். இங்குக் கறிக்குக் கொழுப்பளிப்பது பெரும்பாலும் தேங்காய். அதன் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நிரம்பிய கொழுப்பாகும். சக்தி தரும், ஆயின் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். நல்லெண்ணெய் ஒமேகா-6 தரும். கடலோ தொலைவில் உள்ளது. 1985 இல் திறக்கப்பட்டுப் பழைய தெல்தெனிய நகரைத் தன் நீருள் அமிழ்த்திய விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மீன் நல்ல புரதவுணவே. எனினும் கொழுப்புள்ள கடல்மீனளவு டி.எச்.ஏ. அதில் இல்லை. எனவே மலைநாட்டுத் தாய்க்கு எளிதிற் கிட்டுவன சாளை, நெத்தலிக் கருவாடு, மீன் ரின் என்பவையே. கருவாட்டை ஊறவைத்துக் கழுவி உப்பைக் குறைத்தல் நன்று.

கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. பெறல்வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் 2010 ஆம் ஆண்டு அறிக்கை. வாரத்தில் இருவேளை கொழுப்புள்ள சிறுமீன் உண்பின் இவ்வளவு ஏறக்குறைய நிறைவுறும். சைவ உணவினர் சோயா, ஆளிவிதை ஆகியவற்றினின்று சிறிதளவே பெறுவர். பாசியினின்று எடுக்கும் எண்ணெய் பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் தகும்.

இதனாற் பிள்ளை பேரறிவாளனாவான் என எண்ணற்க. எழுபது ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பீட்டில், அறிவுத்திறனில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் 34 வாரத்துக்கு முன் நிகழும் குறைமாதப் பிறப்பு நூற்றுக்கு 4.6 இலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. குறைமாதத்திற் பிறந்த குழவியைக் கண்டோர் இதன் அருமையை அறிவர்.

வீட்டார் யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மார் நம்மிடையே பலர். கருவுற்ற நாட்களிலேனும் மீன்துண்டு முதலில் அவளுடைய கோப்பைக்குச் செல்க. தாய்க்கென மருத்துவ நிலையத்தில் வழங்கும் திரிபோஷாவும் அவளுக்கே ஆகுக.