விலாங்கா? ஆரலா? பாம்பா?

பாம்புக்குத் தலையைக் காட்டும். மீனுக்கு வாலைக் காட்டும். அது எது? விலாங்கு! இரண்டு பக்கமும் நல்லவராக நடிப்பவரை நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் விலாங்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. அதன் நீண்ட உடலைப் பார்த்து நாம்தான் ஏமாறுகிறோம்.

நம் நாட்டு ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் நீண்ட உடல் கொண்ட மீன்கள் பல உள்ளன. சிலர் அவற்றைப் பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும். தெரியாமல் கை வைத்தால் நமக்கு ஆபத்து. தெரியாமல் வளர்த்தால் மீனுக்கு ஆபத்து.

அடையாளம் காண்போம்

சந்தையில் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு தம்பி கேட்டார்.

"என்ன அக்கா, கூடையில் பாம்பு வைத்திருக்கிறீர்கள்?"

"பாம்பு இல்லை தம்பி. பாம்புக்குச் செதில் வரிசையாகத் தெரியும். நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். துடுப்பு கிடையாது. இதைப் பார். தலைக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு துடுப்பு இருக்கிறது. முதுகுத் துடுப்பும் வாலும் அடித் துடுப்பும் ஒரே நாடா மாதிரி ஓடுகிறது. உடம்பெல்லாம் வழவழப்பு. இதுதான் விலாங்கு."

"பக்கத்தில் இருப்பதும் விலாங்குதானா?"

"அது ஆரல். மூக்கு கூராக நீண்டிருக்கிறதே, தெரிகிறதா? முதுகில் வரிசையாக முள் இருக்கும். வாலிலிருந்து தலைப் பக்கம் தடவாதே. கையைக் குத்திவிடும்."

அக்கா சொன்னது சரி. இன்னொரு மீனும் உண்டு. அசாம், வங்காளம், பீகார் பக்கங்களில் சேற்றில் வளை தோண்டி வாழும். அதன் பெயர் குச்சியா. காது போன்ற துடுப்பு அதற்கு இல்லை. கண் மிகச் சிறியது. செவுள் திறப்பு தொண்டைக்கு அடியில் இருக்கும். அது நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதனால் அதை அடைத்து வைக்கும் பாத்திரத்தில் நீர் விளிம்பு வரை இருக்கக் கூடாது.

வலையில் சிக்கியது மீனா பாம்பா என்று சந்தேகமா? கையை விடாதீர்கள். வலையோடு தள்ளி வைத்துப் பாருங்கள். பாம்பு கடித்துவிட்டால் மந்திரிக்கப் போகாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விலாங்கின் நீண்ட பயணம்

விலாங்கு ஆற்றில் வாழ்கிறது. ஆனால் அது பிறப்பது கடலில். அதன் குஞ்சு முதலில் இலை போலத் தட்டையாக இருக்கும். கடல் நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வரும். பிறகு கண்ணாடி போன்ற சிறு விலாங்காக மாறி, ஆற்று முகத்துவாரம் வழியாக மேலே ஏறும். ஆற்றில் பல ஆண்டுகள் வளரும். முதிர்ந்ததும் மறுபடி கடலுக்குப் போகும். அங்கே முட்டையிட்டு இறந்துவிடும்.

ஆகவே தொட்டியில் விலாங்கு முட்டையிடாது. நாம் ஒரு விலாங்கை அடைத்து வைத்தால், ஒரு குடும்பமே கடலுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே அணைகள் அதன் வழியை மறிக்கின்றன. நம் நாட்டு விலாங்கு ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும். அதற்கு வீட்டுத் தொட்டி போதாது. விலாங்கை ஆற்றிலேயே விட்டுவிடுவது நல்லது.

எதை வளர்க்கலாம்?

வளர்க்க ஏற்றது சிறு ஆரல். அதன் உடலில் வெளிர் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். வால் துடுப்பு தனியாக இருக்கும். அது ஒரு சாணுக்குள் வளர்ந்து நின்றுவிடும். பெரிய ஆரலுக்கு முதுகுத் துடுப்பு வாலோடு சேர்ந்திருக்கும். அது இரண்டடிக்கு மேலும் வளரும். குட்டியாக இருக்கும்போதே வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நஞ்சு கலந்து பிடித்த மீனை வாங்காதீர்கள். அது சில நாளில் செத்துப்போகும். நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. சரணாலயங்களில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்காதீர்கள்.

தொட்டி அமைப்பது எப்படி?

நீளம் 3 அடி, அகலம் 1 அடி உள்ள தொட்டி வேண்டும். அதில் 1 அடி உயரம் நீர் விட்டால் 3 கன அடி ஆகும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஆக, 84 லிட்டர் நீர். நீரின் எடை மட்டும் 84 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். எனவே உறுதியான மேசை தேவை.

1. அடியில் மெல்லிய ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள். ஆரல் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டும். கூரான ஜல்லி அதன் தோலைக் கிழிக்கும்.

2. ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானை அல்லது குழாய்த் துண்டு வையுங்கள். உடைந்த ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள்.

3. குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

4. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும. வடிகட்டியில் வளரும் நல்ல நுண்ணுயிர்கள் அதை மாற்றிவிடும். அவை வளர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். முழு நீரையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

5. மூடி கட்டாயம். குழாய் நுழையும் சிறு சந்தையும் அடையுங்கள். விரல் நுழையும் ஓட்டை போதும், இரவில் ஆரல் வெளியேறிவிடும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

6. உணவை மாலையில் போடுங்கள். மண்புழு, கொசுப்புழு, சிறு இறால் துண்டு ஆகியவற்றை விரும்பித் தின்னும். பூச்சிமருந்து அடித்த வயலில் புழு எடுக்காதீர்கள். மீந்ததை எடுத்துவிடுங்கள்.

7. அதன் வாயில் நுழையும் குட்டி மீன்களைக் கூட வைக்காதீர்கள். இரையாகிவிடும்.

8. தொட்டியில் கை விடும் முன் மின்சாரச் சுவிட்சை அணையுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால்?

வேறு ஊர் மீனை நம் குளத்தில் விடாதீர்கள். தென்னமெரிக்காவின் உறிஞ்சுவாய் மீனைத் தொட்டிக்காக வாங்கினார்கள். வேண்டாம் என்றதும் நீர்நிலைகளில் விட்டார்கள். இன்று அது இந்தியாவின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, மீனவர்களின் வலையைக் கெடுக்கிறது. வேண்டாத மீனை, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

ஒரு மீனைத் தொட்டியில் வைப்பது எளிது. அதன் உயிருக்குப் பொறுப்பேற்பதுதான் வேலை. அந்த வேலைக்குத் தயார் என்றால் வளருங்கள். இல்லையென்றால் ஆற்றங்கரையில் நின்று பார்த்து மகிழுங்கள்.

சொல் தெரிந்துகொள்வோம்

முகத்துவாரம் – ஆறு கடலில் சேரும் இடம்
செவுள் – மீன் சுவாசிக்கும் உறுப்பு
நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்

விடை எழுதுங்கள்

1. பாம்புக்கும் விலாங்குக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகள் யாவை?
2. விலாங்கு எங்கே முட்டையிடும்?
3. தொட்டிக்கு மூடி ஏன் தேவை?
4. உங்கள் ஊர் ஆற்றில் அல்லது குளத்தில் கிடைக்கும் ஐந்து மீன்களின் பெயரை எழுதுங்கள்.

கணக்கு: நீளம் 4 அடி, அகலம் 1 அடி, நீரின் உயரம் 1 அடி. தொட்டியில் எத்தனை லிட்டர் நீர்? வாரம் எத்தனை லிட்டர் மாற்ற வேண்டும்? (விடை: 112 லிட்டர், 28 லிட்டர்)