கைகால் மரத்துப்போவதன் காரணங்கள்

வெகுநேரம் சம்மணமிட்டு அமர்ந்து எழும்போது கால் மரத்துப்போவதும், பின்னர் எறும்பு ஊர்வதுபோல் சுறுசுறுத்து மீண்டும் உணர்ச்சி பெறுவதும் யாவரும் அறிந்ததே. நரம்பு அழுந்தியதனால் நேரும் இம்மரப்பு சில நிமிஷங்களில் நீங்கிவிடும். இதனால் கெடுதி இல்லை. ஆனால் காரணம் புலப்படாமல் தோன்றி நாட்கணக்காக நீங்காத மரப்பு அத்தகையதன்று. கிராமங்களில் அநேகர் இதனை வாய்வு என்று கூறித் தைலம் தேய்த்துக் காலங்கழிக்கின்றனர். நோவு இல்லாமையால் வைத்தியரை நாடுவதுமில்லை. அந்நோவின்மையே இதிலுள்ள பேரபாயமாகும்.

நரம்புகளின் தொழில்

தோலில் படும் சூடு, குளிர், முள் முதலியவற்றை மூளைக்கு அறிவிப்பவை நரம்புகள். அவை வயற்காவற்காரனை ஒப்பன. காவற்காரன் உறங்கிவிட்டால் மாடு பயிரை மேய்வது நிலக்காரருக்குத் தெரியாது. அவ்வாறே நரம்பு கெட்ட காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. புண் சீழ்வைத்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும்.

காரணங்கள்

நீரிழிவு: பாதங்கள் மரப்பதற்கு இதுவே மிகுதியான காரணம். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் நரம்புகள் பழுதடையும். வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதுபோல, மிக நீண்ட நரம்புகள் சென்று முடியும் கால்விரல்களில் மரப்பு முதலில் தோன்றி மேல்நோக்கிப் பரவும்.

உணவுக் குறை: பி-1 என்னும் வைட்டமின் தவிட்டில் உள்ளது. 1890-களில் ஜாவாத் தீவில் டாக்டர் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். நெல்லைப் புழுக்கும்போது இச்சத்து அரிசியினுள் இறங்குகிறது. புழுங்கலரிசியின் நன்மை இதுவே. பி-12 என்னும் வைட்டமின் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. இவை குறைந்தாலும், மதுபானம் மிகுந்தாலும் நரம்புகள் கெடும்.

தொழுநோய்: தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருப்பின் இந்நோயைச் சந்தேகித்தல் வேண்டும். இதன் கிருமியை 1873-இல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்ஸன் கண்டறிந்தார். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்றும், உணர்ச்சியின்மையால் அறியாது ஏற்படும் காயங்களே அவற்றைத் தேய்க்கின்றன என்றும் விளக்கினார். 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து வரும் கூட்டு மருந்துகளால் இந்நோய் ஆறு மாதத்தில், அல்லது முற்றியிருப்பின் பன்னிரண்டு மாதத்தில், குணமாகும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம். எனினும் மடங்கிய விரலையும் இழந்த உணர்ச்சியையும் மருந்து எப்போதும் மீட்டுத் தருவதில்லை. ஆதலின் வெட்கத்தினால் மறைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டமே.

பக்கவாதம்: முகம், கை, கால் இவற்றுள் ஒரு பக்கம் திடீரென மரத்தாலும், வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும் ஒரு கணமும் தாமதித்தலாகாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருத்தலின், நோயாளியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

கைக்கொள்ள வேண்டியவை

1. நீங்காத மரப்புக்கு வைத்தியரைக் கண்டு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்க.

2. மரத்த பாதங்களை இரவுதோறும் விளக்கொளியில் பார்க்க. அடிப்பாகம் தெரியாவிடின் வீட்டார் பார்த்துச் சொல்லலாம்.

3. வயலுக்கும் வரப்புக்கும் வெறுங்காலுடன் செல்லற்க. செருப்பை உதறிய பின்னரே அணிக.

4. மரத்த இடத்தில் தவிட்டு ஒத்தடம், சுடுநீர், தீக்காய்தல் ஆகியவை கூடா. தோல் வெந்தாலும் தெரியாது.

உறங்கிய காவற்காரனுக்குப் பதிலாக உடையவரே வரப்பில் நிற்க வேண்டும். உணர்ச்சி இழந்த அவயவத்துக்குக் கண்ணே காவல்.